மினுக்கைச் சரியாப் பண்ணிருங்க தம்பி

மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்த வேலையை நான் விட்டேன். பேசாமல் விட்டுவிட்டு வந்திருக்கலாம். கிளம்புகிற அன்று எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, நாற்காலி மேல் ஏறாத குறையாக ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். "அடுத்தவன் எழுதின பாடத்தையே சொல்லிக் கொடுத்துக்கிட்டு என் ஆயுசு போயிரக் கூடாது" என்று நான் கை நீட்டி முழங்கியபோது, சென்டர் மேனேஜர் வடையை மென்றபடியே தலையாட்டினார். அப்போது எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் வேலையை விடலாம், சொற்பொழிவு ஆற்றக் கூடாது. பிழைப்பு ஓடாமல் திரும்பிப் போக வேண்டி வந்தால், வடை மென்ற அந்த வாய் என்ன சொல்லும் என்று யோசித்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

விருதுநகரில் வீட்டு முன்னறையைக் காலி பண்ணி, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கம்பெனி ஆரம்பித்தேன். வந்தவர்கள் எல்லாம் மிளகாய் வத்தல் மண்டிக்காரர்களும் எண்ணெய்க் கடைக்காரர்களும். பில் போடுகிற புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதில் அழகு எதுவும் வேண்டியதில்லை. கூட்டல் சரியாக வந்தால் போதும், மண்டிக்காரர்கள் திரையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நான்கைந்து மண்டிக்கு மேல் வேலை வரவில்லை. என் மனைவி ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்புகிறபோது, முன்னறையில் சும்மா உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, "மதுரைக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸுன்னு விசாரிச்சு வைக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

அந்த நேரத்தில்தான் சிவகாசி அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். ஒரு மண்டிக்காரருக்குச் சொந்தக்காரர் அவர். பட்டாசு கம்பெனி முதலாளி. தொழிற்சாலை எம். புதுப்பட்டிப் பக்கம், ஆபீஸ் சிவகாசி டவுனுக்குள். உட்கார்ந்த உடனே கேட்டார்:

"தம்பி, பொட்டிக்குள்ள பூச்சட்டி கொளுத்த முடியுமா?"

மற்ற ஊரில் புஸ்வாணம் என்பதைத்தான் அவர் பூச்சட்டி என்றார். பொட்டி எது என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அட்டைப்பெட்டிக்குள் பட்டாசு கொளுத்துகிற யோசனை எதற்கும் நான் உடன்படக் கூடாது என்று மனதுக்குள் ஜாக்கிரதையாகிவிட்டேன். அப்புறம்தான் அவர் விரல் மேசை மேல் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டியது.

விஷயம் இதுதான். சீசனுக்கு முன்னால் வடக்கே இருந்து டீலர்கள் வருவார்கள். புது ஐட்டங்களைக் கொளுத்திக் காட்டினால்தான் ஆர்டர் சொல்வார்கள். அதற்கு அவர்களை வேனில் ஏற்றி, காட்டுக்குள் இருக்கிற பொட்டலுக்குக் கூட்டிப் போக வேண்டும். பட்டப்பகலில் கொளுத்தினால் பூச்சட்டியும் ஒன்றுதான், அடுப்புப் புகையும் ஒன்றுதான். இருட்டுகிற வரைக்கும் உட்கார வைக்கலாம் என்றால், அவர்களில் பாதிப் பேருக்கு வெயில் தாங்காது, மீதிப் பேருக்கு ரயிலுக்கு நேரமாகிவிடும். ஆகவே ஆபீசிலேயே ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, கம்ப்யூட்டரில் எரிகிற மாதிரி காட்டிவிட வேண்டும்.

"முதல்ல பூச்சட்டி மட்டும் செஞ்சு காட்டுங்க. டீலருக வர்றதுக்குள்ள முடிச்சிருவீகள்ல?"

"ஒரு வாரம் போதும் அண்ணாச்சி" என்றேன். வாய்தான் எனக்கு எப்போதும் சத்துரு.

ஒரு வாரத்தில் முடித்தேன் என்பதும் உண்மைதான். கறுப்புத் திரை. கீழே ஒரு குட்டிக் கூம்பு. அதிலிருந்து பொறிகள் எழும்பி, மேலே விரிந்து, வளைந்து விழும். மேலே சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பெனி பேர். சுற்றி ஒரு பூ பார்டர். வேலை நடக்கிற விதம் எளிது. ஒரு நொடிக்குள் பல தடவை, திரையை முழுக்க அழிக்க வேண்டும். பேரை எழுத வேண்டும், பார்டரைப் போட வேண்டும், கூம்பை வரைய வேண்டும், பொறிகளைக் கொஞ்சம் தள்ளி வரைய வேண்டும். மறுபடி அழிக்க வேண்டும். வீட்டில், திரையில் ஒரு தபால் கார்டு அளவுக்கு ஜன்னல் திறந்து அதில் ஓட்டிப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

சிவகாசி ஆபீசில் அண்ணாச்சியும், அவருடைய கணக்குப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தார்கள். கணக்குப்பிள்ளை அண்ணாச்சியைவிட வயதானவர், ஒற்றைத் தலைவலிக்காரர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் தைல சீசா வைத்திருப்பார். நான் ஓட்டிக் காட்டினேன்.

"என்ன தம்பி, தீப்பெட்டிப் படம் மாதிரி இம்புட்டு இருக்கு? முழுசா விரிங்க" என்றார் அண்ணாச்சி.

விரித்தேன். தொலைந்தேன்.

திரை முழுக்க ஒரே துடிப்பு. பூச்சட்டி, பேர், பார்டர் எல்லாம் சேர்ந்து, கெட்டுப்போன டியூப் லைட் மாதிரி வெட்டி வெட்டி இழுத்தது. கணக்குப்பிள்ளை இரண்டு நிமிஷம் பார்த்தார். மூன்றாவது நிமிஷம் சீசாவைத் திறந்து நெற்றியில் தேய்க்க ஆரம்பித்தார். ஆபீசே தைலம் மணத்தது. மதுரை மேனேஜர் என் மனக்கண்ணில் இன்னொரு வடையை எடுத்தார்.

இந்தத் துடிப்புக்கு எங்கள் தொழிலில் ஃப்ளிக்கர் என்று பேர். அண்ணாச்சிக்கு அதெல்லாம் புரியாது என்று, நல்ல தமிழிலேயே ஒப்புக்கொண்டேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் மினுக்குது."

அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஆமாய்யா! மினுக்குதுல்ல!"

"நான் சரி பண்ணிர்றேன் அண்ணாச்சி. கொஞ்சம் டைம் குடுங்க."

"தாராளமா எடுத்துக்கங்க. ஆனா மினுக்கைச் சரியாப் பண்ணிருங்க தம்பி. எல்லாமே அந்த மினுக்குலதான் இருக்கு."

எவ்வளவு நாசூக்கான மனுஷன் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். இன்னொருத்தராக இருந்தால் பொட்டியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பார். இவர் குறையைக் குறை என்று சொல்லாமல், அதில்தான் எல்லாமே இருக்கிறது என்று பக்குவமாகச் சொல்லி அனுப்புகிறார். திருத்தங்கல் தாண்டுகிற வரைக்கும் அவர் பண்பை எண்ணி உருகினேன். அதற்கப்புறம் பயம் வந்துவிட்டது. பயந்தால் நான் செய்கிற காரியங்களை வரிசையாகச் சொன்னால் எனக்கே வெட்கமாக இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் கரெண்டைச் சந்தேகப்பட்டேன். பக்கத்துக் கடையில் ஸ்டெபிலைசர் கடன் வாங்கி வந்து மாட்டினேன். துடிப்பு அப்படியே இருந்தது. கூடவே ஸ்டெபிலைசரும் கொர்ரென்று கத்தியது. மானிட்டரைச் சந்தேகப்பட்டு, எண்ணெய்க் கடைக்காரரிடம் கெஞ்சி அவர் மானிட்டரைத் தூக்கி வந்தேன். அதிலும் துடித்தது. வைரஸாக இருக்குமோ என்று கம்ப்யூட்டரையே அழித்து மறுபடி எல்லாம் ஏற்றினேன். அழித்ததில் இரண்டு மண்டிகளின் பில் புரோகிராம் போனதுதான் மிச்சம். கறுப்பை நீலமாக்கினேன், நீலத்தில் துடித்தது. வேகத்தைக் குறைத்தேன். பூச்சட்டி, வாஷர் போன குழாய் மாதிரி சொட்டுச் சொட்டாக எரிந்தது. வேகத்தைக் கூட்டினேன். கல்யாண வீட்டு வாசலில் சீரியல் லைட் பைத்தியம் பிடித்த மாதிரி ஆனது.

மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது எதுக்கு இப்படித் துடிக்குது?"

"தெரிஞ்சா நான் எதுக்குத் துடிக்கேன்?"

"கேட்டது ஒரு குத்தமா? அந்தப் பக்கமாத் திருப்பி வைங்க. இந்தத் தாள்ல ஃபெயிலாகுற பிள்ளையெல்லாம் உங்களாலதான் ஃபெயிலாகுது."

திருப்பி வைத்தேன். வேகத்தை எவ்வளவு குறைத்தும் பார்த்தாகிவிட்டது, ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு வரிக்கும் பிறகு கொஞ்சம் நின்று போகும்படி வைத்தேன். இப்போது தெரிந்தது. திரை முழுக்க அழிந்து கறுப்பாகிறது. அப்புறம் பேர் வருகிறது. அப்புறம் பார்டர். அப்புறம் கூம்பு. பொறிகள் ஒவ்வொன்றாக வந்து சேருகின்றன. எல்லாம் வந்து சேர்ந்து, படம் என்று ஒன்று உருவாகிற நேரத்தில், மறுபடி கறுப்பு. ஆக, நான் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கவில்லை. படம் வரைகிற அமளியைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் சின்னதாக இருந்தபோது அமளி சீக்கிரம் முடிந்தது, கண்ணில் படவில்லை. பெரிதாக்கினதும் அழிக்கவே நேரம் பிடித்தது, குட்டு வெளிப்பட்டது.

வழி எளிதுதான். திரைக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாத இன்னொரு பலகையை மெமரியில் வைத்துக்கொள்ள வேண்டும். அழிப்பது, எழுதுவது, பொறி வைப்பது எல்லாம் அங்கே. முடிந்த பிறகு மொத்தப் படத்தையும் ஒரே அடியில் திரைக்கு நகல் எடுத்துவிட வேண்டும். விளையாட்டுப் புரோகிராம் எழுதுகிற சின்னப் பையன்கள் எல்லாம் காலங்காலமாகச் செய்கிறதுதான். நான் மதுரையில் இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். போர்டில் படம் வேறு போட்டிருக்கிறேன். தனக்கு வந்தால்தான் தலைவலி தெரியும் என்பது இதுதான் போலிருக்கிறது.

செய்து முடித்து, கை தட்டத் தயாராகி, ஓட்டினேன். துடித்தது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தபோது அகப்பட்டது. நகல் எடுப்பதற்கு முன்னால், பழைய பழக்கத்தில், நிஜத் திரையையும் ஒரு தடவை அழித்துக்கொண்டிருந்தேன். புதுப் படம் திரையை முழுக்க மூடத்தான் போகிறது, எதற்கு அழிப்பு? அந்த ஒரு வரியை எடுத்தேன். புதுப் படம் வருவதற்கு முன்னால் அந்த ஜன்னல் தானாகவே தன்னை வெள்ளையடித்துக்கொள்கிற இன்னொரு வழக்கம் இருந்தது, அதையும் நிறுத்தினேன். பேரும் பார்டரும் மாறுவதே இல்லை, அவற்றை ஒவ்வொரு தடவையும் புதிதாக வரைவானேன் என்று, ஒரு தடவை வரைந்ததையே வைத்துக்கொண்டேன். ஓட்டினேன்.

பூச்சட்டி எரிந்தது. பேர் கல்லில் வெட்டியது மாதிரி நின்றது. பொறிகள் நெய்யில் வழுக்குகிற மாதிரி ஏறி இறங்கின. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கரண்டியோடு வந்து பார்த்து, "இப்ப நல்லா இருக்கு. இதுக்கா சோறு திங்காமக் கெடந்தீக?" என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு அவள் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

டீலர்கள் வருவதற்கு முந்தின நாள் காலை, மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டுக்கொண்டு சிவகாசி போனேன். ஆபீசில் அண்ணாச்சியும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். முழுத் திரையில் ஓட்டிவிட்டு, கணக்குப்பிள்ளையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை சட்டைப்பைக்குப் போகவில்லை. ஐந்து நிமிஷம் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"தலை வலிக்கலையே! என்ன பண்ணீக?"

"முன்னால எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கப்பவே நடு வீட்டுல நின்னு வேட்டி மாத்திக்கிட்டு இருந்தேன் சார். இப்ப உள்ரூமுக்குப் போயி மாத்திட்டு, ஒழுங்காக் கட்டிக்கிட்டு வெளிய வர்றேன்."

"அதைத்தான் எல்லாரும் செய்வாக. நீங்க லேட்டாக் கத்துக்கிட்டீக" என்றார் கணக்குப்பிள்ளை.

நான் சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். எட்டப் போய்ப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மினுக்கு எங்க தம்பி?"

"எடுத்துட்டேன் அண்ணாச்சி. சுத்தமா எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீகளா? அதை எதுக்கு எடுத்தீக?"

"நீங்கதான மினுக்கைச் சரி பண்ணச் சொன்னீக..."

"சரி பண்ணத்தானய்யா சொன்னேன்! எடுக்கவா சொன்னேன்?"

அந்தக் கம்பெனியில் மினுக்கு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பொறி எரிந்துகொண்டே, அணைகிற மாதிரி மங்கி, மறுபடி கண் சிமிட்டிப் பளிச்சென்று வருகிற வேலைப்பாட்டுக்கு அங்கே மினுக்கு என்று பேர். மினுக்குச் சரக்கு என்றால் விலை கூடின சரக்கு. நான் மண்டிக்காரர்கள் ஊர்க்காரன், வத்தலில் எது சம்பா எது குண்டு என்று கேட்டால் சொல்வேன், இது எனக்கு எங்கே தெரியும்? போன தடவை என் பூச்சட்டி துடித்ததைப் பார்த்து அண்ணாச்சி, தான் எதுவும் சொல்லாமலே நானாகப் புதிதாக ஒரு மினுக்குப் பூச்சட்டி யோசித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதுவரை அவர் கம்பெனியில் பூச்சட்டியில் மினுக்கு வைத்ததில்லை. என் மேல் அவருக்குப் பெரிய மரியாதையே உண்டாகிவிட்டது.

"யோவ், அந்த லேபிளை எடுத்துக் காட்டும்" என்றார்.

கணக்குப்பிள்ளை பீரோவைத் திறந்து ஒரு கட்டு எடுத்தார். பிரஸ்ஸில் அடித்து வந்துவிட்டது. மினுக்குப் பூச்சட்டி. தங்க எழுத்து. என் ஃப்ளிக்கருக்குத் தங்க எழுத்தில் லேபிள்! படித்துப் பட்டம் வாங்கினவன் எவனுக்கும் தன் பிழைக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

இதோடு முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போர்மேன் உள்ளே வந்தார். புதுப்பட்டித் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்கிறவர், உயரமான மனுஷன், கை முழுக்க அலுமினியப் பொடி மின்னும். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்கதானா அது? ஒரு வாரமா உங்க பூச்சட்டியத்தான் செஞ்சு செஞ்சு பாக்கேன். மொதலாளி சொல்ற மாதிரி மினுக்கு வரவே மாட்டேங்கு. இப்பத்தான் கொஞ்சம் கிட்டக்க வந்திருக்கு. உங்க மருந்துல நீங்க என்னதான் போட்டீக?"

பட்டாசுக் கலவைக்கு அங்கே மருந்து என்றுதான் சொல்வார்கள். என் மருந்தில் நான் என்ன போட்டேன்? அவசரம் போட்டேன், அறியாமை போட்டேன். சொல்ல முடியுமா? நாளைக்குக் காலையில் டீலர்கள். அண்ணாச்சி அவர்களுக்குப் போனில் சொல்லியும் விட்டாராம், எங்களிடம் மினுக்குப் பூச்சட்டி வருகிறது என்று. நான் இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் மதுரை பஸ் நேராக ஆபீஸ் வாசலுக்கே வரும்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல அண்ணாச்சி, பழசையே போட்டுர்றேன்" என்றேன். துடிக்கிற பழைய புரோகிராம் என் பையில் ஃப்ளாப்பியில் இருந்தது. போட்டேன். கணக்குப்பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சீசாவைத் திறந்தார். அண்ணாச்சியும் போன தடவை மாதிரி முன்னால் வரவில்லை. நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, இதுல கம்பெனி பேரும்ல மினுக்குது? பேரு மினுக்கலாமா? பாக்குறவன் கம்பெனியே ஆட்டம் கண்டுபோச்சுன்னு நெனச்சிருவான். போன தடவை ஆசையில இதைக் கவனிக்கலை."

பேர் அசையக் கூடாது, பார்டர் அசையக் கூடாது, பொறி மட்டும் மினுக்க வேண்டும். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நல்லவேளையாக இப்போது பேரும் பார்டரும் தனியாகப் பத்திரமாக இருந்தன. புதுப் புரோகிராமை எடுத்து, மறைவான பலகையில் பொறி வைக்கிற இடத்தில் மட்டும் கை வைத்தேன். ஒரு சுற்றுக்குப் பொறிகளை வரை, அடுத்த சுற்றுக்கு விட்டுவிடு. ஓட்டினேன். பேர் கல் மாதிரி நின்றது. பூச்சட்டி மட்டும் மொத்தமாகக் காணாமல் போய்க் காணாமல் போய் வந்தது.

போர்மேன் குனிந்து பார்த்தார். "சார், அம்புட்டுப் பொறியும் ஒண்ணா அணைஞ்சு ஒண்ணா எரியுது. பஸ் ஸ்டாண்டு லைட்டுக்கு மெயின் போட்டு மெயின் எடுத்த மாதிரில்ல இருக்கு?"

"பின்ன எப்படி இருக்கணும்?"

"ஒண்ணு அணையுறப்ப பக்கத்துல இருக்கது எரியணும். ஒண்ணுக்கொண்ணு பேசி வச்சுக்கக் கூடாது. மேல போற வரைக்கும் சும்மா போகணும், விழும்போதுதான் கண்ணடிக்கணும்."

"கண்ணடிக்கிறதப் பத்தி அவருக்கு நல்லாத் தெரியும். கேட்டுக்கங்க" என்றார் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கணக்குப்பிள்ளை.

மத்தியானம் முழுக்க அந்த ஆபீஸ் மேசையிலேயே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பொறிக்கும் அதற்கென்று ஒரு தாளம் கொடுத்தேன். முழுக்க அணைக்காமல், வெள்ளையிலிருந்து மங்கின சிவப்புக்கு இறக்கித் திரும்ப ஏற்றினேன். ஏறும்போது சும்மா, இறங்கும்போது சிமிட்டல். போர்மேன் நடுவில் சாப்பிடப் போய்விட்டு வந்து, எனக்கும் ஒரு பொட்டலம் சோறு வாங்கி வந்தார். "இன்னுங் கொஞ்சம் மந்தமாக் கண்ணடிக்கணும் சார், இது ரௌடி மாதிரி அடிக்குது" என்றார். மந்தமாக்கினேன். பூச்சட்டி சன்னமாகக் கண்ணடித்தது, பேர் நின்றது, கணக்குப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எடுத்துத் தொலைத்த மினுக்கை நானே கூலி வாங்காமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். அன்றைக்கு ராத்திரி வீட்டில் கேட்டதற்கு, "கொஞ்சம் திருத்தம் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் டீலர்கள் ஐந்து பேர் வந்தார்கள். அண்ணாச்சிக்குத் தெரிந்த ஹிந்தி கொஞ்சம்தான். ஆனால் சத்தமாகப் பேசி அதை ஈடுகட்டிவிடுவார். "தேக்கோ ஜி, தேக்கோ" என்று திரையைக் காட்டினார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, பார்க்கத் தைரியம் இல்லாமல் டீலர்களின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காலில் யாருடைய மனசும் தெரியாது என்பதால் அங்கே பார்ப்பது பத்திரம்.

முன் வரிசையில் ஒரு கனத்த டீலர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூச்சட்டி எழும்பி, விரிந்து, மினுக்கிக்கொண்டே திரையின் கீழ்ப்பக்கத்துக்குப் பொறிகள் கொட்ட ஆரம்பித்தன. அந்த டீலர் வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பொறி காலில் விழுந்துவிடும் என்று. அப்புறம் தானே வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு, "ஃபிர் சே" என்றார். இன்னொரு தடவை போடச் சொல்கிறார். போட்டேன். இந்தத் தடவை தயாராக இருந்தும் காலை நீட்டவில்லை.

அதற்கப்புறம் அவர்கள் பெட்டிக் கணக்கு, லோடு, லாரி என்று போய்விட்டார்கள். படம் எப்படித் துடிக்காமல் ஓடுகிறது என்று ஒருத்தராவது கேட்பார் என்று நான் அறையின் மூலையில் நின்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. துடித்தால்தான் கேட்பார்கள். துடிக்காத படத்தைப் படம் என்றுகூட நினைப்பதில்லை, பூச்சட்டி என்றுதான் நினைக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்தில் என் பக்கத்தில் நின்ற போர்மேனுக்கு என்னைவிட வருத்தம். முகம் வெளுத்திருந்தது.

"சார்," காதோடு கேட்டார், "உங்க பூச்சட்டி எம்புட்டு உசரம் போகுது?"

"திரை முழுக்கப் போகுது. ஏன்?"

"எதுக்கு அம்புட்டு உசரம் வச்சீக? என் பூச்சட்டி அதுல பாதிதான் போகும். சாயங்காலம் சாம்பிள் கேக்காகளே! நான் எங்க போவேன்?"

எனக்கு அது ஒரு எண்ணை மாற்றுகிற வேலை. அவருக்கு அப்படி இல்லை. என் பதற்றத்தை அப்படியே கழற்றி அவருக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. அளவு சரியாகவும் இருந்தது.

சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் ஆபீஸ் பின்புறத்தில் போர்மேன் தன்னுடைய பூச்சட்டியைக் கொளுத்தினார். கால் நீட்டின டீலர் மட்டும் ரயிலைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்க்க இருந்தார். உயரம் போர்மேன் சொன்ன மாதிரி பாதிதான். ஆனால் விழும்போது கண்ணடித்தது. டீலர் உயரத்தைக் கேட்கவே இல்லை. தலையைத் தலையை ஆட்டிவிட்டு அண்ணாச்சியோடு உள்ளே போனார். போர்மேன் அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வெளியே வந்தார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று முகம் சொல்லிவிட்டது.

"திங்கக்கிழமை வந்துருங்க தம்பி. சக்கரம் இருக்கு, ராக்கெட்டு இருக்கு, சீசன் சரக்கு அம்புட்டையும் பொட்டிக்குள்ள ஏத்தணும். ஆனா ஒண்ணு, இனிமே உசரத்தைப் போர்மேன்ட்ட கேட்டுட்டு வைங்க. மனுசன் பாவம்."

வீட்டுக்கு வந்தபோது மனைவி தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாக?"

"திங்கக்கிழமை போகணும்."

"எங்க, மதுரைக்கா?"

"சிவகாசிக்கு. சீசன் முழுக்க வேலை இருக்கு."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நல்லதாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டேன். அவள் மறுபடி பேனாவை எடுத்தாள். அடுத்த தாளைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்:

"ராக்கெட்டு மேல போனாத் திரைக்கு வெளிய போயிருமே, அப்ப என்ன செய்வீக?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. வாய் மட்டும், "ஒரு வாரம் போதும்" என்றது.